நாற்பதில் நிற்கும் முள்

வண்டியைத் தரையில் படுக்கப் போட்டான்.

சமாதானபுரம் பஸ் நிறுத்தத்துக்குப் பத்தடி முன்னால். சாயங்காலம் ஆறு மணிக்கு, ஊரே பார்க்க.

கருவூலத்தில் கண்காணிப்பாளர் அவன். அங்கே அவன் நடந்து வந்தால் நாற்காலிகள் எழுந்து நிற்கும். இங்கே பழைய ஸ்கூட்டரை ஒருக்களித்துக் கிடத்திவிட்டு அதன் பக்கத்தில் குத்தவைத்திருந்தான்.

டேங்கின் மூலையில் ஒட்டிக் கிடக்கும் மிச்சப் பெட்ரோல் சரிந்து வரும்.

வர வேண்டும்.

அவள் சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

பெண்டாட்டி ஏதாவது கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

நான்கு மாதத்துக்கு முன் பெட்ரோல் விலை மறுபடி ஏறிய அன்று, வீட்டு ஹாலில் நின்று அவன் ஓர் உரை ஆற்றினான். கொடி ஏற்றாததுதான் குறை. சிக்னலில் வண்டி அணைக்கப்படும். பாலுக்கும் காய்க்கும் நடராஜா சர்வீஸ். மாமியார் வீடு இனி மாதம் ஒரு தடவை. எங்கே போனாலும் ஸ்பீடாமீட்டர் முள் நாற்பதில் நிற்கும். அதில்தான் மைலேஜ். கூடினாலும் குறைந்தாலும் பெட்ரோலைத் தின்னும். வேகத்தடைக்கு மட்டும் விலக்கு உண்டு.

சபையில் இருந்தது அவள் ஒருத்திதான்.

கடைசி அறிவிப்பு அவளுக்கானது. வண்ணார்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறாள். பதினொரு வருஷமாகக் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் கூட்டி வருவது அவன்தான்.

"பொம்பளையளுக்கு டவுன் பஸ்ஸு ஓசிதான. அரசாங்கமே கூட்டிட்டுப் போவுது, பெறகு நான் எதுக்கு?"

அவள் சரி என்றாள்.

அவ்வளவுதான்.

பதினொரு வருஷம் அவன் தோளில் ஒரு கை இருந்தது. தூரத்தில் வேகத்தடை தெரிந்ததும் அது இரண்டு தடவை அழுத்தும். அவன் குறைப்பான். வீட்டுக்குள் பேசிக்கொண்டதைவிட அந்தத் தோளில் பேசிக்கொண்டதுதான் அதிகம்.

அது போனதை அவன் கவனிக்கவில்லை. மிச்சமான பெட்ரோலைத்தான் கவனித்தான்.

நேற்று டீக்கடை வாசலில் நின்றபோது டவுன் பஸ் கடந்து போனது. ஜன்னலோரம் அவள். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தான். டீ ஆறிப்போனது. பிடிபடவில்லை.

அதனால்தான் இன்று வண்ணார்பேட்டைக்குப் போய் ஹாரன் அடித்தான்.

பஸ் படியில் கால் வைத்திருந்தவள் இறங்கி வந்தாள். பின்னால் ஏறிக்கொண்டாள். கை தோளுக்கு வரவில்லை. சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பிக்குப் போயிற்று.

நான்கு மாதத்தில் கம்பி பழகிவிட்டிருந்தது.

மூன்று கிலோமீட்டர் வந்ததும் வண்டி இருமி நின்றது.

இப்போது நிமிர்த்தினான். உதைத்தான். இல்லை. மறுபடியும் படுக்கப் போட்டான்.

அவள் ஏறாமல் விட்ட பஸ் வந்து நிறுத்தத்தில் நின்றது.

உள்ளே மூச்சுவிட இடமில்லை. ஆனால் ஜன்னலோர சீட்டு ஒன்றில் ஆள் இல்லை. அதில் இடம் பிடிக்கப் போட்ட ஒரு டிபன் பை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அவளோடு வேலை பார்க்கும் மரியபுஷ்பம்.

"எக்கா, ஒங்க சீட்டு அப்படியே கெடக்கு. வாங்க." பிறகு தலையை வெளியே நீட்டி அவனைப் பார்த்தாள். "என்ன அண்ணாச்சி, வண்டியப் படுக்கப் போட்டாச்சா? அடுத்து குப்புறப் போடணும்லா?"

"சிக்னல்ல அணைச்சியளா அண்ணாச்சி?" பின்சீட்டிலிருந்து இன்னொரு குரல். "நாப்பதுலதான வந்தீய?"

ஒரு வரிசையே சிரித்தது.

மரியபுஷ்பத்தைத் தவிர இவர்களில் யாரையும் அவன் இதற்குமுன் பார்த்ததுகூட இல்லை.

நேற்று அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது எதற்கென்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டேங்கைப் பார்த்தபடியே சொன்னான்.

"நீ ஏறிக்கோ. நான் வந்துருதேன்."

அவள் போய்ப் படியில் ஒரு கால் வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். தேய்த்த மடிப்புக் கலையாத பேன்ட். முட்டியில் ரோட்டுப் புழுதி.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

அவள் காலை எடுத்துவிட்டாள்.

டிபன் பை அதே சீட்டில் உட்கார்ந்தபடி பஸ்ஸோடு போயிற்று.

அவள் வந்து ஹேண்டில்பாரின் மறுபக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேருமாகத் தூக்கி நிறுத்தினார்கள். நாலாவது உதையில் பிடித்துக்கொண்டது.

பெட்ரோல் பங்குக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர். நாற்பதில் போனால் போய்ச் சேரலாம். இதில் அவன் கணக்கு தப்பாது.

முள் நாற்பதில் நின்றது.

கை எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

தோளில் இரண்டு தடவை அழுத்தியது.

ரோடு நேராகக் கிடந்தது. கண்ணுக்கு எட்டியவரை வேகத்தடை எதுவும் இல்லை.

முள் இறங்கியது.

முப்பத்தைந்து. முப்பது.

இருபது.