சத்தம் வராத கிடார்

"கிளாட்சன், உன் கிடார்ல கம்பி இருக்கா இல்லையா?"

ஜூலியட் கேட்டதும் நாலு கிடாரும் ஒரே நேரத்தில் நின்றன. இத்தனை நாள் ஒத்திகையில் நாலு பேரும் ஒற்றுமையாகச் செய்தது இது ஒன்றுதான்.

"இருக்குக்கா."

"அப்ப சத்தம் ஏன் வரல? லீடு வாசிக்கிறவன் நீ. மெட்டு உங்கிட்டேயிருந்துதானே வரணும்?"

"விரல் வலிக்குதுக்கா," என்றான் கிளாட்சன், ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஞானோபதேச அறை அது. வெளியே மழை, உள்ளே கொசு. கிறிஸ்துமஸ் இரவுப் பூசையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஜூலியட்டின் கோபத்திலும் நியாயம் இருந்தது. போன வருஷம் லீடு வாசித்த பாக்கியநாதன், சிங்கப்பூர் விசா வந்துவிட்டதாக ஒத்திகைக்கு நடுவில் சொன்னான். அவ்வளவுதான். "அவர் இல்லாம என்னால முடியாது" என்று அனிட்டா அழுதாள். கிடாரை அன்றைக்கு உறைக்குள் போட்ட ஆன்டோ, பொங்கல் வரைக்கும் வெளியே எடுக்கவில்லை. கடைசியில் கும்பகோணத்திலிருந்து ஒரு கீபோர்டு பார்ட்டி வந்து, குழந்தை இயேசுவைக் குத்துப்பாட்டுத் தாளத்தில் தாலாட்டிவிட்டுப் போனது.

"இந்த வருஷமும் சொதப்புனீங்கன்னா கீபோர்டையே நிரந்தரமா வச்சுக்கலாம்மா," என்று பங்குச் சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

காலேஜில் படித்த நாளிலிருந்து ஜூலியட் ஆசை ஆசையாகச் சேர்த்த குழு. ஊரில் கிடார் பிடிக்கத் தெரிந்தவன் எல்லாம் ஒவ்வொருத்தனாக விமானம் ஏறிக்கொண்டிருந்தான். அவளையும் சேர்த்து மிச்சம் இந்த நாலு பேர்தான். இதுவும் போனால் அவளுக்கு என்ன இருக்கிறது?

"மறுபடியும் ஆரம்பத்துலேர்ந்து. ஒன், டூ, த்ரீ..."

முதல் சரணம் முடிவதற்குள் அனிட்டா நிறுத்திவிட்டாள்.

"அக்கா, எனக்கு கிளாட்சன் அண்ணன் சத்தமே கேக்க மாட்டேங்குது. முன்னல்லாம் அவர் விரலைப் பாத்தாவது கூடவே வாசிப்பேன். இப்ப அதுவும் தெரியாம திரும்பி உக்காந்துக்கறாரு."

உண்மைதான். கிளாட்சன் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அவனுக்கு மனசு இங்க இல்லக்கா," என்று ஆன்டோ முழங்காலில் ஒரு கொசுவை அடித்தான். "தினம் எஸ்.டி.டி. பூத்துல நிக்கிறான். யாருக்குடா போன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கறான். ஏதோ பொண்ணு விவகாரம்."

கிளாட்சன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் ஜூலியட்டால் தாங்க முடியவில்லை. தன் கிடாரை பெஞ்சில் வைத்துவிட்டு நேராக அவன் எதிரில் போய் நின்றாள்.

"இப்ப எல்லாரும் வாசிங்க. நான் பாக்கறேன்."

பார்த்தாள். அவனுடைய இடது கை விரல்கள் ஒழுங்காகத்தான் ஓடின. வலது கைதான் கம்பியைத் தொடவே இல்லை. காற்றைத் தடவிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி! வாசிக்கிற மாதிரி நடிக்கிறியா?"

கிளாட்சன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து? இவ பயந்து சாகறா, நான் சாமியார்கிட்ட பேச்சு வாங்கறேன், உனக்கு விளையாட்டா இருக்கா? எந்திரி. நாளையிலேர்ந்து இந்தப் பக்கமே வராத!"

அவன் கிடாரை உறைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"அக்கா, அவர் போயிட்டா லீடு யாருக்கா?" அனிட்டா பதறினாள்.

"நீதான்."

"ஐயோ, என்னால முடியாதுக்கா!"

"அவன் சத்தமே கேக்கலன்னு நீதானே சொன்ன? அப்ப இத்தனை நாளா என் காதுல விழுந்த மெட்டு யாரோடது? வாசிடி!"

அனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். முதலில் தாளம் தடுமாறியது. பல்லவி திரும்பும்போது சரியாகிவிட்டது. சரணத்தில் மெட்டு மேலே ஏறும் இடம் வந்ததும் பழக்கதோஷத்தில் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது. வேறு வழியில்லாமல் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு வாசித்தாள்.

ஆன்டோ கொசுவை மறந்து தாளம் பிடித்தான். ஜூலியட்டும் ஓடிப்போய்த் தன் கிடாரை எடுத்துக்கொண்டாள். பாட்டு ஓர் இடத்தில்கூட நிற்காமல் கடைசிவரை போய்ச் சேர்ந்தது.

ஜூலியட்டுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. திரும்பினால், கிளாட்சன் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"பாத்தியா? நீ இல்லன்னா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது. நாங்க வாசிப்போம்!"

"இந்த வார்த்தைக்காகத்தான்க்கா ஒரு மாசமா திட்டு வாங்கினேன்," என்றான் கிளாட்சன். "முன்னாடியே சொல்லியிருந்தா, போன வருஷம் மாதிரி அன்னைக்கே கடையை மூடியிருப்பீங்க. வியாழக்கிழமை எனக்கு மஸ்கட் ஃபிளைட்டு."