நொயல் பாவிக்கிற டெபியன்

"டெபியனோ? நொயல் ஆக்கள் பாவிக்கிறதுதானே அது? எங்களுக்கு வேண்டாம்!"

தமிழ்ச் சங்கத் தலைவர் அருமைநாதன் மேசையில் தட்டிய தட்டில் தேத்தண்ணி சிந்தியது.

2006 மாசி மாதம். புலம்பெயர்ந்து வந்து வாழும் ரோவில் புறநகரில், அவர் வீட்டு ஹோலில் செயற்குழு கூடியிருந்தது. சங்கத்தின் வெப்சைற் இருக்கும் சேர்வருக்கு எந்த இயங்குதளத்தைப் போடுவது என்பதுதான் பேச்சு. ஆலோசனை சொல்ல வந்து டெபியனைச் சொன்னவள் கமலினி. யூனிவர்சிற்றியில் சேர்வர்களைப் பார்த்துக்கொள்வதே அவள் உத்தியோகம்.

நொயல் மூன்று வருடத்துக்கு முன் பிரிந்துபோய் வேறு சங்கம் தொடங்கியவர். அன்று முதல், தன் மூக்குப் போனாலும் நொயலுக்குச் சகுனப் பிழையாக வேண்டும் என்பதே அருமைநாதனின் கொள்கை.

"அங்கிள், டெபியன் இலவசம். உள்ளுக்க என்ன இருக்கெண்டு ஆரும் திறந்து பாக்கலாம். கொஞ்சம் பழசுதான், ஆனா லேசில விழாது. நொயல் அங்கிளின்ர சேர்வரையும் நான்தான் பாக்கிறனான். ஒருநாளும் விழேல்லை."

"ஓ! அவைக்கும் நீர்தானோ? ரெண்டு தோணியில கால் வைக்கக் கூடாது, பிள்ளை."

செயலாளர் இந்திரகுமார் தொண்டையைச் செருமினார். சேர்வர் அவருடைய கராஜில்தான் இருந்தது. புதிதாக எது வந்தாலும் அன்றே ஏற்றிப் பார்க்காவிட்டால் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. பொங்கல் விழாவுக்கு முதல்நாளும் அப்படி எதையோ ஏற்றினார். வெப்சைற் படுத்துவிட்டது.

"டெபியனிலயே அன்ஸ்டேபிள் எண்டு ஒண்டு இருக்கு, தலைவர். சுடச்சுடப் புதுசு."

"நொயலிட்ட அது இருக்கோ?"

"இல்லை."

"அப்ப அதைப் போடுவம்!"

கமலினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அங்கிள், அன்ஸ்டேபிள் எண்டா தளம்பிறது. செய்தவங்களே பேரில சொல்லிப்போட்டாங்கள். அடுத்த மாசம் கலைவிழா. அண்டைக்கும் வெப்சைற் விழுந்தா?"

அது அருமைநாதனுக்கு உறைத்தது. கலைவிழாவுக்குக் கூட்டம் வராவிட்டால் பாதிச் சங்கம் நொயல் பக்கம் சாய்ந்துவிடும் என்று உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் விடவில்லை.

"விழட்டும்! பொங்கல் விழாவண்டு, இந்த நாட்டுக் கோடையில நாப்பத்திரண்டு பாகை வெயில். மண்டபத்தில கரண்ட் இல்லை. கடைசி நேரத்தில வேற மண்டபம். வெப்சைற்றும் இல்லை. நான் நாலு பேருக்குத்தான் போன் அடிச்சனான். நானூறு பேர் சரியான இடத்துக்கு வந்து நிண்டவை! அதுதான் எங்கட ஒற்றுமை. அவன்ர சேர்வருக்கு வருமோ அது?"

கமலினி மடிக்கணினியைத் திறந்தாள்.

"அண்டைக்குத்தான் நொயல் அங்கிளின்ர சேர்வரும் கொஞ்சம் திணறினது..."

"பாத்தியளோ!" அருமைநாதன் கதிரையை விட்டே எழும்பிவிட்டார்.

"விழேல்லை அங்கிள். ஒரே நேரத்தில கனபேர் வந்ததால மெதுவாப் போனது."

"ஏன்? அண்டைக்கு அவைக்கு விழா ஒண்டும் இல்லையே?"

பதில் குசினிப் பக்கமிருந்து வந்தது. அவர் மனைவி யோகா.

"மண்டபம் மாறினதை எல்லாரும் அதிலதானே பாத்தனாங்கள்."

"நீருமோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நொயலின்ர வெப்சைற் பாக்கிறனான் எண்டு உங்களிட்ட ஆர் சொல்லுறது?"

செயற்குழு மொத்தமும் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. இந்திரகுமாரும்தான்.

"சரி, சரி. டெபியனையே போடுங்கோ!" அருமைநாதன் உறுமினார். "ஆனா இதை வச்சு அவன் எவ்வளவு பேர் எடுத்திருப்பான்! 'அருமைநாதனால ஏலாமப் போச்சு, நான்தான் சொல்லுறன்' எண்டு பெரிசாப் போட்டிருப்பானே?"

"உங்கட வெப்சைற் விழுந்ததைப் பாத்துப்போட்டு, அவர்தான் எனக்குப் போன் எடுத்து இதைப் போடச் சொன்னவர்," என்று கமலினி மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். நொயலின் வெப்சைற்றில் அன்றைய அறிவித்தல் அப்படியே இருந்தது.

அருமைநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நொயலின் பெயரைத் தேடினார். மேலே இல்லை. நடுவில் புது மண்டபத்தின் விலாசம் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. பெயர் கீழேதான் இருந்தது.

"அனைவரும் வருக. இங்ஙனம், தலைவர் அருமைநாதன்."