ஐந்தில் நிற்கும் சத்தம்

தொம்மலூர் வீட்டில் புது டிவி வந்ததிலிருந்து, மதியம் இரண்டேகாலுக்கு அதன் சத்தம் இருபத்துநாலிலிருந்து ஐந்துக்கு இறங்கிவிடும். நாலு மணிக்குத் தானாகவே ஏறும். வந்து பார்த்த மெக்கானிக், டிவியோடு இணைத்திருந்த கௌதமன், தமயந்தி தம்பதியின் மொபைல்களையும் சோதித்தார்.

“யாரும் டைம் செட் பண்ணல சார். டிவியும் நல்லாத்தான் இருக்கு.”

“சண்டைப் படம் போட்டாக்கூட, நம்ம வீட்ல மட்டும் கிசுகிசுன்னு அடிச்சுக்கிறாங்க,” என்று தமயந்தி சிரித்தாள். சனி, ஞாயிறுகளில் அவளும் கௌதமனும் திரைக்கு அருகே பாய் விரித்து, தோளோடு தோள் சாய்ந்து படம் பார்க்கப் பழகிக்கொண்டார்கள். அது அவர்களுக்குப் பிடித்தும்போனது.

எட்டு வருடக் காத்திருப்புக்குப் பிறகு, தத்தெடுப்பு மையத்திலிருந்து அழைப்பு வந்தது. ஏழு மாதப் பெண் குழந்தை. தமயந்தி அன்றே பெயர் தேட ஆரம்பித்தாள். கௌதமன்தான் தயங்கினான்.

“நம்மகிட்ட ஒட்டலைன்னா என்ன பண்றது, தமா?”

“முதல்ல வந்து பாருங்க. மனசு வரலைன்னா கையெழுத்துப் போட வேணாம்.”

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் போனார்கள். தொட்டிலருகே நின்ற ஆயா உதட்டில் விரலை வைத்தார்.

“மெதுவா பேசுங்க மேடம். தினமும் ரெண்டேகாலுக்குத் தூங்குவா. நாலு மணிக்கு டான்னு முழிச்சுக்குவா.”

தமயந்தி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மொபைலை எடுத்து சைலண்டில் போட்டுவிட்டு, கூட நின்ற மைய அதிகாரியிடம் மிக மெதுவாகக் கேட்டான்:

“எங்க சார் கையெழுத்துப் போடணும்?”