நாற்பத்தொரு வண்டிகள்

"நீங்களே ஜன்னல் வழியாப் பாருங்கம்மா. ஒரு வண்டியாவது உங்க சாம்பல் மேல ஏறுதா?"

சாலைப் பொறியாளர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கையை நீட்டினார். சாம்பலக்கா எட்டிப் பார்த்தாள். இரண்டு மாடிக்குக் கீழே, தெருக்கோடியில், பஸ், ஸ்கூட்டர், ஆட்டோ எல்லாம் அந்த ஓர் இடத்தில் சொல்லிவைத்தாற்போல் ஒதுங்கிப் போயின.

ஆலையில் நெல் உமியை எரித்து மிஞ்சும் சாம்பலை சிமெண்டோடு கலந்து ரோட்டுக் குழியை அடைக்கலாம் என்று, மூன்று வருஷமாக இந்த ஆபீஸ் படிகளை ஏறி இறங்கியவள் அவள். சாம்பலக்கா என்ற பெயரே இந்த ஆபீஸில் வைத்ததுதான். நச்சரிப்புத் தாங்காமல் ஊரிலேயே பெரிய குழியை அவள் தலையில் கட்டினார்கள். மழைக்கு முன்னால் அடைத்துவிட்டுத் தன் ஊருக்குப் போனவள், இன்றைக்குத்தான் திரும்பி வருகிறாள். தாங்கியிருந்தால் எல்லா ரோட்டுக்கும் அவள் கலவை. இல்லையென்றால் மூன்று வருஷப் பாடும் வீண்.

"காலையிலேர்ந்து நாப்பத்தொரு வண்டி எண்ணிட்டேன். அத்தனையும் விலகித்தான் போச்சு. குழி திரும்ப விழுந்தாச்சு" என்றபடி நிராகரிப்புக் கடிதத்தை எடுத்தார் பொறியாளர்.

"ஒரே ஒரு தடவை கீழ வந்து பாருங்க சார். அப்புறம் கையெழுத்துப் போடுங்க."

கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வேண்டாவெறுப்பாக அவளோடு ஜீப்பில் ஏறினார். ஜீப்பும் அந்த இடத்தில் ஒடித்து ஒதுங்கித்தான் நின்றது. "பாத்தீங்களா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கியவருக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

குழி இல்லை. ஒரு விரிசல்கூட இல்லை. சாம்பல் நிறத் திட்டு ஒன்று சிலேட்டுப் பலகை போலச் சமமாகக் கிடந்தது. குனிந்து தட்டினார், ஷூ காலால் உதைத்தார், கால்தான் வலித்தது. சாம்பலக்காவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது.

பொறியாளர் லேசில் விடுகிற ஆளில்லை. யாரும் மேலே ஏறவே இல்லையென்றால் உடையாமல்தானே இருக்கும் என்றார். பிறகு டிரைவர் மேல் பாய்ந்தார்.

"குழியே இல்லாத எடத்துல எதுக்குய்யா வண்டிய ஒடிச்ச?"

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"பதினோரு வருஷமா இருந்த குழியாச்சே சார், உள்ளூர்க்காரங்க எல்லாருக்குமே கை தானாத் திரும்பிடுது. வெளியூர்லேர்ந்து கல்லு ஏத்திட்டு வர்ற லாரிக்காரங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியும்? மூணு மாசமா ராத்திரிக்கு நூறு லாரி நேரா இது மேலதான் போகுது."

பொறியாளர் நிராகரிப்புக் கடிதத்தைத் திருப்பி ஜீப்பின் முன்மூடி மேல் வைத்து, காகிதத்தின் பின்பக்கத்தில் 'அனுமதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.