முடி இறக்கிய நாள்

மகளுக்குக் காய்ச்சல் விட்டதற்காகப் பழனியில் முடி இறக்கி, பத்து வருஷத்து மீசையையும் மழித்துக்கொண்டு வந்து நின்றான் குமரகுரு. மாடி வீட்டுக் கதவு திறக்கவில்லை. பெற்றவர்கள் இல்லாத நேரத்தில் நான்கு வயது நறுமுகையைப் பார்த்துக்கொள்வது, முகமும் குரலும் அடையாளம் கண்டு திறக்கிற, பேசவும் தெரிந்த அந்தக் கதவுதான்.

"உங்களை எனக்குத் தெரியவில்லை" என்றது கதவு.

"பாப்பாவோட அப்பாதான். மொட்டை போட்டிருக்கேன்."

அரோகரா போட்டுப் போட்டுத் தொண்டை வேறு கட்டியிருந்தது.

"குரலும் பொருந்தவில்லை."

மனைவிக்குப் போன் போட்டான். ஆபரேஷன் தியேட்டரில் வேலையாக இருந்தவள் எடுக்கவில்லை.

கதவிலிருந்த சின்னத் திரையில் நறுமுகையின் முகம் தெரிந்தது.

"பாப்பா, அப்பா வந்திருக்கேன். பஞ்சாமிர்தம் பாரு!"

அவள் அவனையே உற்றுப் பார்த்தாள். "கதவு, இது எங்கப்பாவா?"

"இல்லை, கண்ணே."

கதவு சொன்னால்தான் நம்ப வேண்டும் என்று அவளைப் பழக்கியதே அவன்தான்.

நறுமுகையின் உதடு பிதுங்கியது.

"அங்கிள், கீழ எங்கப்பா வந்தா சீக்கிரம் வரச் சொல்லுங்க. எனக்கு பயமா இருக்கு."

"சொல்றேம்மா" என்றான் குமரகுரு. பிறகு, அவள் கண்ணில் படாதபடி நாலு படி இறங்கிப்போய் உட்கார்ந்துகொண்டான்.