சந்தேகப் பேர்வழி

“மேடம், அந்த ஆறாவது கேள்வி எனக்குச் சுத்தமா புரியல.”

ஆய்வாளர் கண்ணை மூடிக்கொண்டாள். போனில் அதே ஆள். முந்தின நாள்தான் அவருக்கு ஐந்தாவது கேள்வியைப் புட்டுப் புட்டு வைத்திருந்தாள்.

“சொல்லுங்க சார்.” குரல் கரகரத்தது.

“என்ன மேடம், ஜலதோஷமா?”

“இல்ல சார். காலையிலேர்ந்து யார்கிட்டயும் பேசல. அதான், குரல் இன்னும் எழுந்திருக்கல.”

அவர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டுக் கேள்வியைப் படித்தாள். ‘வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கிய பிறகு உங்கள் மனம் எப்படி இருக்கிறது?’

“இதுல என்ன சார் புரியல?”

“எந்த மனம்னு போடலையே மேடம். வேலை நேரத்து மனமா? வேலை முடிஞ்சு, கம்ப்யூட்டரை மூடினப்புறம் வருமே, அந்த மனமா?”

அவள் நோட்டை எடுத்தாள். “ரெண்டையும் தனித்தனியா கேக்கலாம் போல” என்று எழுதிக்கொண்டாள். அன்றைக்கும் பேச்சு எங்கெங்கோ சுற்றி, வெயிலில் வந்து, முட்டி வலியில் முடிந்தது.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் மனநலம் பற்றி அவளுடைய நிறுவனம் ஒரு பெரிய ஆய்வுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தது. யாரைக் கேட்பது, என்ன கேட்பது, எத்தனை மாதம் தொடர்ந்து கேட்பது, எல்லாவற்றுக்கும் வரைவு எழுதும் பொறுப்பு அவளுடையது. கேள்விகள் சரியாகப் போய்ச் சேர்கின்றனவா என்று முதலில் நாலைந்து பேரிடம் வைத்துப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் மடமடவென்று பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்கள். இந்தக் காப்பீட்டு அலுவலக எழுத்தர் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. ‘சந்தேகப் பேர்வழி’ என்று மனசுக்குள் அவருக்குப் பெயர் வைத்திருந்தாள்.

அவளுக்கும் வீட்டிலிருந்துதான் வேலை. அலுவலகக் கூட்டம் இருக்கிற நாளில் மட்டும் தலை வாரி, இடுப்புக்கு மேலே நல்ல உடை போட்டுக்கொள்வாள். எப்போதாவது அக்கா கூப்பிடுவாள். பேச ஆரம்பித்ததுமே அக்காவின் அடுப்பில் ஏதாவது பொங்கிவிடும்.

அந்த வாரக் கூட்டத்தில் நிறுவன இயக்குநர் கணினித் திரையில் வந்தார்.

“அந்த எழுத்தர் இன்னுமா முடிக்கல? கழட்டி விட்டுடுங்கம்மா. வேற ஆளா கிடைக்காது?”

“வேண்டாம் சார். பாவம், அவருக்குப் பேச்சுத் துணைக்கு ஆளில்ல. புரியலங்கறது சும்மா சாக்கு. பேசும்போது பின்னால ஒரு ஈ, காக்கா சத்தம் கிடையாது. இந்த ஆய்வே அவரை மாதிரி ஆளுக்குத்தான் சார்.”

இயக்குநர் தலையாட்டினார்.

அவள் வரைவின் தொடக்கத்தில், பெயர் போடாமல், அவரைப் பற்றி ஒரு பத்தி எழுதினாள். எத்தனையோ பக்கம் திணறித் திணறி எழுதியவளுக்கு, அந்தப் பத்தி மட்டும் ஒரே மூச்சில் வந்தது.

அடுத்த கூட்டத்தில் இயக்குநர் அதைத்தான் முதலில் எடுத்தார்.

“படிச்சதும் மனசு கனத்துப் போச்சும்மா. சமையல் மேடை பக்கத்துல நின்னுக்கிட்டே சாப்பிடறது, ஆள் குரல் கேக்கணும்னு ரேடியோவை ஓட விடறது, கூரியர்காரர் மணியடிச்சா அவசரமா முகம் கழுவறது... இதெல்லாம் அவரா சொன்னார்?”

“சொல்லல சார்.” கொஞ்சம் தடுமாறினாள். “யூகிக்க முடியாதா என்ன?”

“சரி. எதுக்கும் அவர்கிட்ட ஒரு வார்த்தை சம்மதம் கேட்டுடுங்க.”

அதுதான் சங்கடமாக இருந்தது. ‘நீங்க தனியா கஷ்டப்படறீங்க, அதை எழுதிக்கட்டுமா?’ என்று ஒரு மனுஷரிடம் எப்படிக் கேட்பது? மனம் நோகாதபடி இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வழக்கமாக அவர்தான் கூப்பிடுவார். அன்றைக்கு மதியம் முதல் முறையாக அவள் கூப்பிட்டாள்.

எடுத்தது ஒரு பெண். பின்னால் குழந்தைகள் எதற்கோ அடித்துக்கொண்டிருந்தார்கள். தட்டுகள் உருண்டன. வயசான யாரோ இருமிக்கொண்டே, “சத்தம் போடாதீங்கடா” என்றார்.

தப்பான நம்பரோ என்று நினைத்தாள். எதற்கும் தன்னைச் சொல்லி, அவர் இருக்கிறாரா என்று கேட்டாள்.

“ஓ, நீங்களா? இருங்க, கூப்பிடறேன்.”

போனை எதன் மீதோ வைக்கிற சத்தம். அந்தப் பெண்ணின் குரல் தள்ளிப் போனாலும் தெளிவாகவே கேட்டது.

“ஏங்க, உங்க மேடம். நல்லா உக்காந்து சாப்பிடற நேரத்துல... மொத்தக் கேள்வியும் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. படிக்கட்டுல போய் உக்காந்துக்கிட்டு ‘புரியல, புரியல’ங்கற நாடகத்தை இன்னிக்கோட முடிங்க.”

“மெதுவா பேசு, காதுல விழப்போகுது. எல்லாம் புரிஞ்சிடுச்சுன்னு நான் சொல்லிட்டா, அந்தப் பொண்ணு அப்புறம் யாரோடதான் பேசும்?”

ஒரு கதவு சாத்தப்பட்டது. குழந்தைகளின் இரைச்சல் அப்படியே அறுந்து போயிற்று.

“வணக்கம் மேடம். நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஏழாவதுல ஒரு சின்ன சந்தேகம்.”

சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை அப்படியே விட்டுவிட்டு, அவள் ஏழாவது கேள்வியை எடுத்தாள்.

“கேளுங்க சார்,” என்றாள்.