எட்டாவது மகன்

பழைய ஆங்கில இலக்கியத்தில் பார்த்த எழுத்துக்கூட்டலைக் காப்பியடித்து, மேவிஸின் அண்ணன் ரோலண்ட் ஸ்மித் ‘ஸ்மைத்’ ஆகிவிட்டான். ஸ்மித் என்றால் இறைச்சிக்கடை வாடை அடிக்கிறதாம். அப்பாவின் அந்தக் கடையை நடத்தும் மேவிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நார்ஃபோக் பகுதியில் இருந்த அவர்களுடைய கிராமத்துத் தேவாலயத்தில் பழங்காலத்து ஸ்மைத் பிரபுவின் கல்லறை இருந்தது. அதன் பக்கவாட்டில் அவருடைய ஏழு மகன்கள் உயர வரிசையில் கற்சிலைகளாய் மண்டியிட்டிருந்தார்கள்.

“இவங்கதான் என்னோட ஆளுங்க,” என்றான் ரோலண்ட், தங்க ஃபிரேம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி.

“உன்னை அவங்க சேத்துக்கணுமே, துரை!” என்றாள் மேவிஸ்.

அடுத்த ஞாயிறு ஜெபம் முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். பக்கத்தில் மண்டியிட்டிருந்த ரோலண்டைக் காணோம். மேவிஸ் கல்லறையைப் பார்த்தாள். வரிசையின் கோடியில், இருப்பதிலேயே குள்ளமாக, கல் மூக்குக்கண்ணாடியோடு எட்டாவது மகன் மண்டியிட்டிருந்தான்.

“சேத்துக்கிட்டும் கடைசி இடந்தானா?” என்றாள் மேவிஸ்.